ஆமென் சொல்லும் வரை

துப்பாக்கி இல்லாமல் காட்டுக்குப் போகிறோம் என்று சொன்னபோது நாகர்கோவிலில் சிரிக்காதவர்கள் குறைவு. முப்பதுகளின் தொடக்கம் அது. பேச்சிப்பாறைக்கு மேலே மலையேறுகிறவர்கள் அப்போது மூன்று வகைதான். மரம் வெட்டப் போகிறவர்கள், தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள், சுடப் போகிறவர்கள். யானையைச் சும்மா பார்த்துவிட்டு வருவதற்காக ஐந்து பேர் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்புவது யாருக்கும் விளங்கவில்லை. கோட்டாற்றில் நான் குடையைச் சரிசெய்யக் கொடுத்திருந்த கடைக்காரர், "யானையப் பாக்கணும்னா சுசீந்திரம் தேரோட்டத்துக்குப் போனா போராதா டீச்சரே? அங்க சங்கிலி போட்டுக் கெட்டியிருக்கும். இது தொரத்துச்சுன்னா என்ன செய்வியோ?" என்று கேட்டார். குடையை விரித்துக் காட்டுவேன் என்றேன். அதற்கும் சிரித்தார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மிஷன் பெண்கள் பள்ளியில் உதவி ஆசிரியை. வேலை இன்னும் உறுதியாகவில்லை. ஒரு வருடம் ஆளைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டியவர் எங்கள் மூத்த டீச்சர். ஐம்பதை நெருங்கியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை மடிப்புக் கலையாமல் மாலைவரை நிற்பவர். காலை ஜெபத்தில் கண் திறந்த பிள்ளை யார் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். கடைசி வரிசையில் ஒருத்தி ஒரு கண்ணைப் பாதி திறந்தாலும், ஜெபம் முடிந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெயிலில் நிறுத்துவார். முதுகிலும் கண் உள்ளவர் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

நானும் அதே பள்ளியில் படித்து, அதே வெயிலில் நின்றவள்தான். எத்தனை நின்றும் என் கண் அடங்கவில்லை. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது உலகம் என்ன செய்கிறது என்று பார்த்தே தீரவேண்டும் எனக்கு. பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஒரு காக்கை வந்து ஜன்னலில் உட்காரும், அவ்வளவுதான். டீச்சர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை; மறைக்கும் சாமர்த்தியம் மட்டும் கூடியிருந்தது.

பள்ளியில் இயற்கைப் பாடம் என்னுடையது. சீமையிலிருந்து வந்த படத்தில் யானைக்குச் சுளகைவிடப் பெரிய காது இருந்தது. பிள்ளைகள், "இது நம்ம யானை இல்ல டீச்சர்" என்றார்கள். டிராயிங் மாஸ்டர் அதைக் கேட்டுவிட்டு, மலையில் நிற்கிற யானையை நேரில் பார்த்துத் தானே ஒரு படம் வரைந்து தருவதாகச் சொன்னார். எங்கள் சபைப் போதகருக்குப் பேச்சிப்பாறை ரேஞ்சரைத் தெரியும். அந்த ரேஞ்சருக்கு ஒரு புது யோசனை வந்திருந்த சமயம் அது. சுடாமல் பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கு ஒரு வள்ளமும் ஒரு வழிகாட்டியும் ஏற்பாடு செய்திருந்தார். பார்த்துவிட்டு வந்தவர்கள் கண்டதை எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகமும் போட்டிருந்தார். இப்படித்தான் போதகர், அவர் மனைவி, மூத்த டீச்சர், டிராயிங் மாஸ்டர், நான் என்று ஐந்து பேர் சேர்ந்தோம். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் குலசேகரம் போய் அங்குள்ள சபையார் வீட்டில் தங்கி, மறுநாள் விடியுமுன் வில்வண்டியில் பேச்சிப்பாறை அணைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ரேஞ்சர் அன்று ஊரில் இல்லை. அணைக்குப் பக்கத்து ஓட்டுக் கொட்டகையில் ஒரு வனக்காவல் கார்டு இருந்தார். எங்களை உட்காரவைத்துக் கட்டன்காப்பி கொடுத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். வழிகாட்டி வாசலிலேயே நின்றார். மலையில் குடியிருக்கும் காணிக்காரர். நாற்பது வயது இருக்கும். யாரோ கொடுத்த காக்கிக் கோட்டு, அதில் பித்தான் ஒன்றுகூட இல்லை. இடுப்பில் வெட்டுக்கத்தி. இன்று நான் அவரை அவர் என்று எழுதுகிறேன். அன்று நாங்கள் எல்லாரும் நீ என்றுதான் கூப்பிட்டோம்.

"இதுக்கு முன்ன ரெண்டு கூட்டம் வந்திட்டுப் போச்சு" என்றார் கார்டு. "ரெண்டு கூட்டமும் ஒண்ணும் காணலன்னு எழுதி வச்சிருக்கு. அதுல ஒருத்தரு, இவன் காணாததக் கண்டதாச் சொல்லுகான்னும் எழுதியிருக்காரு. மூணாவதும் இப்பிடித்தான்னா ஆள மாத்தணும்னு ரேஞ்சர் சொல்லிட்டாரு. நீங்க படிச்சவிய. நீங்க எழுதுகதுதான் முடிவாக்கும்."

வாசலில் நிற்கிறவர் காதில் விழாது என்பதுபோல் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. வழிகாட்டி எங்களைப் பார்க்கவில்லை; எங்கள் உடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஷன் ஆட்களுக்கு வெளியூர்ப் பயணம் என்றால் வெள்ளைதான். ஐந்து பேரும் வெள்ளை. அவர் கொட்டகையின் பின்பக்கம் போய் ஐந்து கோணிச்சாக்குகளைக் கொண்டுவந்தார்.

"இத தோளுல இடணும் ஏமானே. கொக்குக் கூட்டம் மாதிரி போனா ஒண்ணும் நிக்காது."

போதகர் சாக்கைப் போர்த்திக்கொண்டார். வேதத்தில் வருகிறதுபோல் இரட்டு உடுத்தி மனந்திரும்பப் போகிறவர்கள் மாதிரி இருக்கிறோம் என்று அவரே சொல்லிச் சிரித்தார். மூத்த டீச்சர் சாக்கை நான்காக மடித்து, கோயில் பிரசங்கத்துக்குப் போகிறவர்போல் ஒரு தோளில் போட்டுக்கொண்டார். டிராயிங் மாஸ்டரின் தலையில் வாசனை எண்ணெய். வழிகாட்டி அவரை அணைக்கரைக்குக் கூட்டிப் போய் இரண்டுதரம் தலையைக் கழுவவைத்தார். கழுவிவிட்டு வந்த மாஸ்டர் கழுத்தில் இரவல் வாங்கிய தூரதிருஷ்டிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதை வைத்தாவது மரியாதையை மீட்கப் பார்த்தார்.

வள்ளத்தில் ஏறினோம். வழிகாட்டியே துடுப்புப் போட்டார். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் வந்ததும் வலதுபக்கம் ஒரு மேட்டில் குடில் ஒன்று தெரிந்தது. முன்னால் மரச்சீனிக் கிழங்குத் தோட்டம், கூரைக்கு மேலே புகை, ஒரு பெண் கையை நெற்றியில் வைத்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதாக்கும் எனக்க குடிலு" என்றார் வழிகாட்டி. கேட்டது போதகரின் மனைவிதான், உன் வீடு எங்கே என்று. "சோலி உள்ளவன்தான் அணை வெள்ளத்துக்குப் பக்கத்துல இருக்கலாம். சோலி போனா இதயும் பறிச்சுக்கொண்டு மேல போவணும். பொண்டாட்டிக்குக் காலு வய்யா. மேல ஏறமாட்டா."

ஐயோ பாவம் என்றார் அந்த அம்மா. யானை வந்துவிட்டால் சரியாகிவிடும் என்றார் போதகர். ஏதோ யானையும் அவர் சொன்னால் கேட்கும் என்பதுபோல்.

பயணம் புறப்பட்டால் ஒரு கீர்த்தனை பாடி ஜெபம் செய்யாமல் எங்கள் ஆட்கள் பஸ்ஸில்கூட ஏறமாட்டார்கள். வண்டியில் வரும்போது எல்லாரும் தூங்கிவிட்டதால் அந்தப் பாக்கியை வள்ளத்தில் தீர்த்தோம். வாய்க்கு வஞ்சகமில்லாமல் பாடினோம். டிராயிங் மாஸ்டருக்கு அடிக்குரல். தண்ணீருக்கு மேலே அது போய் எதிர்மலையில் முட்டித் திரும்பியது. வழிகாட்டி துடுப்பை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி எங்களையே பார்த்தார். பாட்டு முடிந்து போதகர் ஜெபத்தைத் தொடங்கினார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடியதுபோல் வைத்துக்கொண்டேன்.

ஜெபம் பாதியில் இருக்கும்போது வழிகாட்டி, "மிளா! மிளா! அங்ஙன பாருங்க!" என்று கத்தினார்.

போதகர் நிறுத்தினார். கண்ணைத் திறந்து கரைப்பக்கம் பார்க்கவில்லை, வழிகாட்டியைப் பார்த்தார். போதகரின் முகம் சிவந்திருந்தது.

"இந்தா பாரு. ஜெபத்துக்கு எடையில பேசப்பிடாது. வானம் இடிஞ்சு விழுந்தாலும் சரி, ஆமென் சொன்ன பெறவுதான் வாயத் தொறக்கணும். கேட்டியா?"

"கேட்டேன் ஏமானே" என்றார் அவர்.

போதகர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஜெபத்தை முடித்தார். அதற்குள் அந்தப் பெரிய மான் தண்ணீரைவிட்டு ஏறிக் காட்டுக்குள் போய்விட்டது. அதன் பின்பக்கத்தை மட்டும் நான் பார்த்தேன். பார்த்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஜெபம் முடிந்த பிறகு வழிகாட்டி மெதுவாக, "பாட்டு நல்ல பாட்டாக்கும். ஆனா காடு முழுக்கக் கேட்டாச்சு. இனி வேண்டாம் ஏமானே" என்றார். போதகர் நியாயஸ்தர், தவறென்று பட்டால் ஒத்துக்கொள்வார். இனிப் பாட்டு இல்லை, பேச்சும் இல்லை என்று எல்லாருக்கும் கட்டளையிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்.

வள்ளத்தைக் கட்டிவிட்டு மூன்று மணிநேரம் நடந்தோம். காட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஏற்றம், ஈரம், அட்டை. அட்டை கடித்த இடத்தில் தேய்க்க வழிகாட்டி புகையிலை கொடுத்தார். பத்தடிக்கு ஒருதரம் தரையிலிருந்து ஒரு நுள்ளு மண் எடுத்து விட்டுக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். ஓரிடத்தில் யானைப்பிண்டம் கிடந்தது. வெறுங்கால் பெருவிரலை அதற்குள் விட்டுப் பார்த்து, "சூடு இருக்கு. காலத்த போட்டதாக்கும்" என்றார். டிராயிங் மாஸ்டர் அதையாவது வரையலாமா என்று என் காதில் கேட்டார். மேலே ஒரு மலையணில் வாலைத் தொங்கவிட்டு ஓடியது. பெரிய அலகுள்ள மலமொழக்கிப் பறவை ஒன்று, பாய் உதறுகிற சத்தத்தோடு தலைக்கு மேலே போனது. அவ்வளவுதான் காலைக் கணக்கு.

நடக்க நடக்க வழிகாட்டியின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. அதுவரை போய்க்கொண்டிருந்த தடத்தை விட்டுவிட்டு, குறுக்கே இறக்கி எங்களை ஒரு பாறைமேல் கொண்டுவந்து உட்காரவைத்தார். கீழே அணைத்தண்ணீர் ஒரு கைபோல் காட்டுக்குள் நீண்டு வந்திருந்தது. மாசி மாதம், தண்ணீர் இறங்கி எதிர்க்கரையில் பச்சைப்புல் தரை விரிந்து கிடந்தது. புல் முடிகிற இடத்தில் ஒல்லி மூங்கில்போல் அடர்ந்த ஈற்றைக் காடு.

"இங்ஙன இரிங்க" என்றார் கிசுகிசுப்பாக. "காத்து நமக்குத் தோதா இருக்கு. வெயிலு சாயும்ப வெள்ளம் குடிக்க வரும். வந்தே தீரும். ஒச்சயும் பேச்சும் மட்டும் வேண்டாம்."

வந்தே தீரும் என்று சொன்னபோது அவர் குரல் தடுமாறியது. என்னைவிட அவருக்குத்தான் அதை நம்பவேண்டிய அவசியம் இருந்தது.

இரண்டு மணி ஆகிவிட்டது. எல்லாருக்கும் பசி. போதகரின் மனைவி இலையை விரித்துப் புளிச்சோறும் கருவாட்டுத் துவையலும் வைத்தார். மட்டிப்பழம் ஒரு சீப்பு, முந்திரிக்கொத்து ஒரு டப்பா. ஜெபம் செய்யாமல் சோற்றில் கை வைப்பது எங்கள் வீட்டுப் பூனைகூடச் செய்யாது. போதகர் வழிகாட்டியைப் பார்த்து, மெல்லிய குரலில்தான் செய்வேன் என்று சைகை காட்டினார். வழிகாட்டி தலையை ஆட்டினார். பாறைக்குக் கீழே நாலடி தள்ளி, எங்களையும் எதிர்க்கரையையும் பார்க்கிற மாதிரி ஓரமாக நின்றுகொண்டார்.

எங்கள் போதகரின் ஜெபத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மெல்லிய குரல் என்பதால் அது குறையவில்லை. முதலில் ஆகாரம். அப்புறம் மகாராஜாவும் அரண்மனையாரும். அப்புறம் சபையில் வியாதியாய் இருப்பவர்கள், ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி. அப்புறம் மழை. அப்புறம் அன்றைய தேவை எதுவோ அது. அதன் பிறகே ஆமென்.

மகாராஜா வந்தபோது நான் கண்ணைத் திறந்தேன். எதிர்க்கரையில் ஈற்றை விலகி ஒரு யானை வெளியே நின்றது.

சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு புல்லில் நடந்து வருகிறது, ஒரு சுள்ளி முறியவில்லை. தும்பிக்கையைத் தூக்கிக் காற்றைப் பார்த்துவிட்டு நடந்தது. கறுப்பில்லை, செம்மண் நிறம்; முதுகெல்லாம் மண். காது அளவாக, நம் யானைக் காதுதான். அதன் பின்னால் இரண்டாவது. போதகர் வியாதிக்காரர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது வந்தபோது காச வியாதியில் கிடந்த ஒரு கிழவருக்காக உருக்கமாக வேண்டிக்கொண்டிருந்தார்.

வழிகாட்டியைப் பார்த்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கண் இரண்டும் பிதுங்கியிருந்தது. என் கண் திறந்திருப்பதை அப்போதுதான் அவர் கண்டார். கையை எடுத்து யானையைக் காட்டினார். பிறகு போதகரின் வாயைக் காட்டினார். பிறகு இரண்டு கையையும் கூப்பி என்னைக் கெஞ்சினார். சொல்லுங்கள், எழுப்புங்கள், நிறுத்துங்கள். எனக்கு எல்லாம் விளங்கியது. போதகரின் மனைவி என் முழங்கையில் உரசிக்கொண்டு இருந்தார், தொட்டிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பக்கத்தில் மூத்த டீச்சரின் சேலை அசைந்தது. நான் பயந்துபோய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. முன்னால் யானைக்கூட்டம் போகிறது, ஒரு மனிதன் தன் வீட்டுக்காகக் கைகூப்பி நிற்கிறான், நான் இருபத்திரண்டு வயதுப் பெண், வெயிலில் நிற்கவைப்பார்கள் என்று பயந்து கண்ணை மூடுகிறேன். மழைக்கான ஜெபம் முழுவதும் மூடியே இருந்தேன். மறுபடி திறந்தபோது, முன்பு கண்ட மூன்றையும்விடப் பெரிய நாலாவது ஒரு யானையின் பின்பக்கம் மட்டும் ஈற்றைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. போதகர் குரல் தழுதழுக்க, "நீர் உண்டாக்கின காட்டு ஜீவன்களை எங்கள் கண்களுக்குக் காட்டியருளும்" என்று மன்றாடிக்கொண்டிருந்தார்.

"ஆமென்" என்றார்கள் எல்லாரும். நானும் சொன்னேன்.

"யான! யான போச்சு ஏமானே!" என்று வழிகாட்டி பாய்ந்து வந்தார். "அங்ஙன! இப்பம்! இப்பத்தான் போச்சு!"

எல்லாரும் எழுந்தார்கள். டிராயிங் மாஸ்டர் தூரதிருஷ்டிக் கண்ணாடியை வைத்து எதிர்க்கரையை இடமும் வலமும் துழாவினார். புல் இருந்தது. ஈற்றை ஆடிக்கொண்டிருந்தது. காற்றுக்கும் அது ஆடும்.

போதகர் வழிகாட்டியை நெடுநேரம் பார்த்தார். "ஜெபத்துக்கு முன்ன இல்ல. இப்பமும் இல்ல. எடையில மட்டும் வந்திச்சா?" என்றார்.

"எடையிலதான் ஏமானே."

"சரி. அங்க போவோம். காலடி இருக்கும்லா? அதப் பாத்தாப் போரும்."

வழிகாட்டி கையை வீசி மறுத்தார். "இப்பம் அங்ஙன போவப்பிடாது. குட்டி உண்டு. போனா ஆளு திரும்பாது."

போதகர் தம் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். காட்டவும் மாட்டான், போய்ப் பார்க்கவும் விடமாட்டான் என்பது அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம். காலையில் கார்டு சொன்ன, காணாததைக் கண்டதாகச் சொல்லுகிறவன் என்ற பேச்சு எல்லார் மனதிலும் வந்திருக்கும். யாரும் வெளியே சொல்லவில்லை. புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். நாலரை மணிவரை உட்கார்ந்திருந்தோம். ஒரு நீர்க்காகம் மட்டும் வந்து சிறகைக் காயவைத்தது.

திரும்பும்போது வள்ளத்தில் நான் அவருக்கு நேர் எதிரே உட்கார நேர்ந்தது. துடுப்புப் போடுகிற ஒவ்வொரு தடவையும் அவர் முகம் என்னை நோக்கிக் குனியும். இந்த டீச்சர் கண்டாங்க, கேட்டுப் பாருங்க என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் மாட்டிக்கொள்வேன். சொல்லிவிடட்டும் என்றும் இருந்தது, சொல்லிவிடக் கூடாதே என்றும் இருந்தது. அவர் சொல்லவில்லை. அவர் பேச்சை யார் நம்புவார்கள் என்று விட்டாரோ, பெண்பிள்ளையைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று விட்டாரோ, தெரியாது. குடில் வந்தது. அந்தப் பெண் காலையில் நின்ற இடத்திலேயே நின்று, கையை உயர்த்தி ஏதோ கேட்டாள். அவர் துடுப்பை நிறுத்தாமல் தலையை இல்லை என்று அசைத்தார்.

கொட்டகையில் கார்டு நோட்டையும் மைக்கூட்டையும் தயாராக வைத்திருந்தார். போதகர் பேனாவை மையில் தொட்டு எழுத உட்கார்ந்தார். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது அவர் வழக்கம்.

"வழிகாட்டி நல்ல உழைப்பாளி. பாதை அறிந்தவன். மலையணில் ஒன்றும் பறவை ஒன்றும் கண்டோம். வேறு மிருகம் காணவில்லை." பேனாவை மறுபடி தொட்டார். அவருக்கும் அது பிரியமான வேலை இல்லை, பெருமூச்சு விட்டார். "பாவம்தான். ஆனா காணாதத கண்டோம்னு எழுத எனக்கு மனசாட்சி எடம் தராது. முன்ன எழுதினவரு சொன்னதும் மெய்தான்னு சொல்லணும்லா" என்று எங்களிடம் சொல்லிவிட்டு, "இவன் காணாததை..." என்று தொடங்கினார்.

வாசலில் வழிகாட்டி கோணிச்சாக்குகளை ஒவ்வொன்றாக உதறி மடித்துக்கொண்டிருந்தார். காலையில் எந்த மடிப்பில் கொண்டுவந்தாரோ அதே மடிப்பு. அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"நாலு யானை" என்றேன்.

போதகர் நிமிர்ந்தார். "என்னது?"

"நாலு யானை போச்சு போதகரே. வழிகாட்டி சொன்னது மெய்தான். நான் கண்டேன்."

"எப்பம் கண்டிய?"

"நீங்க மகாராஜாவுக்கு ஜெபிக்கும்ப முதல் யானை வந்திச்சு. வியாதிக்காரங்களுக்கு ஜெபிக்கும்ப ரெண்டும் மூணும். காட்டு ஜீவன்களுக்கு ஜெபிக்கும்ப கடைசி யானை உள்ள போச்சு." நோட்டைப் பார்த்தபடியே மீதியையும் சொன்னேன். "நான் கண்ணத் தொறந்து வச்சிருந்தேன்."

போதகரின் பேனாவிலிருந்து ஒரு சொட்டு மை நோட்டில் விழுந்தது. நான் மூத்த டீச்சர் பக்கம் திரும்பவில்லை. என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் பெஞ்சிலிருந்து எழுந்து சேலை மடிப்பை நீவி, குடையைக் கையில் எடுத்தது மட்டும் கேட்டது.

"அஞ்சு" என்றார் அவர். "குட்டிய விட்டுட்ட. மழைக்கு ஜெபிக்கும்பத்தான் அது போச்சு. அப்பம் நீ கண்ண மூடிட்டு இருந்த."

டிராயிங் மாஸ்டர் இருமினார். போதகர் ஒரு தடவை அவரையும் ஒரு தடவை என்னையும் பார்த்தார். "நீங்களுமா?" என்றார் மூத்த டீச்சரிடம்.

"ஆராவது ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கண்டாமா?" என்றார் அவர். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் குடையின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

போதகர் வழிகாட்டியைக் கூப்பிட்டார். "நீ ஏன் அப்பமே சொல்லல?"

"ஏமான்தானே சொல்லியது" என்றார் அவர். "வானம் இடிஞ்சு விழுந்தாலும் வாயத் தொறக்கப்பிடாதுன்னு."

போதகர் பேனாவைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்து மையில் தொட்டார். பிறகு கடைசி வரியையும், வேறு மிருகம் காணவில்லை என்ற வரியையும் அடித்துவிட்டு, இந்தத் தடவை வாய்விட்டுச் சொல்லாமல் எழுதினார். கார்டு வாங்கி எங்களுக்கு வாசித்துக் காட்டினார். ஐந்து யானைகளை வழிகாட்டி காண்பித்தான். எங்களில் இருவர் கண்டார்கள். மற்றவர்கள் காணாததற்கு அவன் பொறுப்பல்ல, நானே பொறுப்பு. இவன் சொல் உண்மையானது. கீழே போதகர் கையெழுத்து. மூத்த டீச்சரும் கையெழுத்துப் போட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார்.

அந்த எழுத்தால் வழிகாட்டியின் வேலை நிலைத்தது. மூன்று வருடம் கழித்துப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் போனபோதும் குடில் அங்கேதான் இருந்தது, மரச்சீனித் தோட்டம் கொஞ்சம் பெருத்திருந்தது. என் வேலையும் அந்த வருடமே உறுதியாயிற்று. மூத்த டீச்சர் என்னைப் பற்றி என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. அதன் பிறகு பள்ளியில் கண் திறந்ததற்காக எந்தப் பிள்ளையும் வெயிலில் நின்றதாக ஞாபகம் இல்லை.

இதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் சாப்பாட்டுத் தூக்கை வண்டிவரை வழிகாட்டிதான் கொண்டுவந்து வைத்தார். மற்றவர்கள் முன்னாலேயே ஏறிவிட்டார்கள்; நான் மட்டும் வண்டிக்குப் பின்னால் நின்றேன். நன்றி சொல்வார் என்று எனக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன் என்ற பெருமை வேறு ஏறியிருந்தது. அவர் தூக்கை வைத்துவிட்டு நின்றார்.

"டீச்சரம்மா ஒரு ஆமென் சொல்லியிருந்தாப் போருமே" என்றார். "எல்லாரும் கண்டிருப்பாவ. அந்த ஏமானும் கண்டிருப்பாரு. எவ்வளவு ஆசயா வந்தாரு."

ஆமென் சொல்லப் போதகர்தான் வேண்டும் என்று இல்லை. யாரும் சொல்லலாம். பேச்சு வந்த நாளிலிருந்து நான் தினமும் சொல்லிவந்த வார்த்தை அது. வண்டியில் ஏறிக்கொண்டேன். குலசேகரம் வரும்வரை போதகர், குட்டி எவ்வளவு உயரம் இருந்தது என்று மூத்த டீச்சரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தார்.